பெரியவர் மாடி கடைசி வரியில்

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்த பெண் எப்படி ரவுட்டருக்குப் பொறுப்பாளி ஆனாள் என்று யாராவது கேட்டால், வாய்த் துடுக்கால்தான் என்று உண்மையைச் சொல்லிவிடுவேன்.

திருப்பூரிலிருந்து அவிநாசிபாளையம் போகிற வழியில் இருந்தது அந்த எக்ஸ்போர்ட் கம்பெனி. நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அம்மாவும் நானும் ஒரே செக்கிங் டேபிளில் வேலை பார்த்தோம். தைத்து வந்த பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நெட்வொர்க் படித்தேன். எதற்குப் படிக்கிறாய் என்று டேபிளில் எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் சரியாகத் தெரியாது. ஒரு கம்பியில் இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் போய்ச் சேர்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

ஒருநாள் ஆபீஸில் நெட் நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த ஆள் அதற்கு முந்தைய வாரம்தான் நல்ல சம்பளத்துக்குக் கோயம்புத்தூர் போயிருந்தார். சின்ன முதலாளி எங்கள் டேபிளைத் தாண்டி நடந்துகொண்டே, "இந்தக் கம்பெனில ரவுட்டர் தெரிஞ்சவன் ஒருத்தன்கூட இல்லீங்களா?" என்று மேனேஜரிடம் கத்தினார். என் கையில் ஒரு குழந்தைச் சட்டை இருந்தது. அதைக் கீழே வைக்காமலே, "ஒருத்தன் இல்ல சார், ஒருத்தி இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். அம்மா என் காலை மிதித்தாள். போய்ப் பார்த்தால் ஒரு ஒயர் கழன்று கிடந்தது, அவ்வளவுதான். அதைச் சொருகிவிட்டு, பெரிய வேலை பார்த்தவள் மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சின்னவர் என்னை ஒரு மாதம் கம்ப்யூட்டர் ரூமில் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். அந்த வேலைதான் என்னைப் படாத பாடு படுத்தியது.

கம்பெனி அண்ணன் தம்பி இரண்டு பேருடையது. அண்ணனை எல்லோரும் பெரியவர் என்பார்கள். துணி, கலர், சாம்பிள் எல்லாம் அவர் பொறுப்பு, முதல் மாடி அவருடையது. தம்பி சின்னவர். தையல், பேக்கிங், ஷிப்மென்ட் எல்லாம் அவர், கீழ்த்தளம் அவருடையது. என் கம்ப்யூட்டர் ரூமும் கீழேதான், ஸ்டோர் ரூமை ஒட்டி. மாடியில் எட்டு மெர்ச்சண்டைசர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெளிநாட்டுப் பையர்களுக்கு மெயில் அனுப்பி ஆர்டரை நடத்திக்கொண்டு போகிறவர்கள். மெயில் அனுப்பிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவர்கள் சாட்டிங்கிலும் கிரிக்கெட் ஸ்கோரிலும் இருந்தார்கள். அதே மாடியில் டிசைன் பார்க்கிறவரின் கம்ப்யூட்டர் மிஷின் ஒன்று இருந்தது. பையர் அனுப்புகிற படங்கள் பெரிய பெரிய ஃபைலாக அதில்தான் வந்து இறங்கும். கம்பெனி முழுவதுக்கும் ஒரே இன்டர்நெட் லைன். எட்டு பேர் அரட்டையில் அது அடைத்துக்கொள்ள, டிசைன் ஃபைல் நத்தை மாதிரி வந்தது.

அப்போது ஒரு குழந்தைகள் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சில் யானை போட்ட இரவுச் சட்டை. துணி தயார், வெட்டியும் ஆயிற்று, யானை மட்டும் வரவில்லை. யானை வந்தால்தான் பிரிண்டிங் போடலாம்.

"ஒரு மாசத்துல நெட்ட ஒழுங்கு பண்ணீட்டயின்னா இந்த ரூம் உனக்கு. இல்லீன்னா கோயமுத்தூர்ல இருந்து ஆளக் கூட்டியாந்துருவேன், நீ பழைய டேபிளுக்கே போயிரோணும்" என்றார் சின்னவர்.

எல்லா மிஷினையும் வெளி லைனோடு இணைக்கிற ரவுட்டருக்குள் ஒரு பட்டியல் எழுதினால் இதைச் சரிசெய்யலாம் என்று எனக்குத் தெரியும். எந்த மிஷினிலிருந்து எது போகலாம், எது போகக் கூடாது என்று வரிவரியாக எழுதும் பட்டியல் அது. வெளியே போக வருகிற ஒவ்வொன்றையும் ரவுட்டர் முதல் வரியிலிருந்து ஒப்பிட்டுப் பார்க்கும். எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அந்த வரி சொல்வதுதான் தீர்ப்பு. அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காது. எந்த வரியிலும் பொருந்தாத ஆளை ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே தள்ளிவிடும். கம்பெனியில் நான் பார்த்த மனிதர்களைவிட இதற்குப் பிடிவாதம் அதிகம், ஆனால் பாரபட்சம் கிடையாது. அதனாலேயே எனக்கு இதைப் பிடித்திருந்தது.

இரண்டு நாள் ஆள் ஆளாகப் போய், யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதினேன். பிறகு ஒரு தாளில் பட்டியலைத் தமிழில் அழகாக எழுதினேன். கிரிக்கெட் ஸ்கோர் யாருக்கும் கிடையாது. மெர்ச்சண்டைசர் மிஷின் எட்டுக்கும் மெயிலும் பிரவுசரும் மட்டும் உண்டு, வேறெதுவும் கூடாது. அக்கவுண்ட்ஸ், ஷிப்பிங், ஸ்டோர் என்று கீழ்த்தளத்துக்கு ஒவ்வொரு வரி. எல்லாவற்றுக்கும் கடைசியில், "பெரியவர் மாடி: எல்லாம் அனுமதி." மெர்ச்சண்டைசர்களை மேல் வரியிலேயே நிறுத்திவிட்டதால், மாடியில் மிச்சம் இருக்கும் டிசைன் மிஷினும் பெரியவர் மிஷினும் இந்த வரியில் தாராளமாகப் போய்வரும். மூன்று முறை சரிபார்த்தேன். எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

முதலாளிகள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். சின்னவர் கார் மேலேயே தாளை வைத்துப் படிக்காமல் போட்டுவிட்டார். பெரியவர் நிதானமாகக் கடைசி வரைக்கும் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. "வெச்சுட்டுப் போங்கம்மிணி" என்றார். கையெழுத்துப் போடவில்லை.

அரை மணி நேரத்தில் மேனேஜர் அந்தத் தாளோடு என் ரூமுக்கு வந்துவிட்டார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கற? பெரியவர் மாடியக் கொண்டுபோயி கடைசீல போட்டிருக்கற? அதும் மெர்ச்சண்டைசர் பசங்களுக்குக் கீழ!"

அந்தக் கம்பெனியில் எந்தத் தாளாக இருந்தாலும் பெரியவர் முதலில் வர வேண்டும். தீபாவளி ஸ்வீட் லிஸ்ட், காலண்டர், டெலிபோன் நம்பர் அட்டை எல்லாம் அப்படித்தான். ஒருமுறை அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் தம்பி பெயரை மேலேயும் அண்ணன் பெயரைக் கீழேயும் அச்சகத்தில் போட்டுவிட்டார்கள். பத்திரிகை முழுவதையும் திரும்ப அடித்தார்கள். மேனேஜர் சிவப்புப் பேனாவை எடுத்து, கடைசி வரியிலிருந்து தாளின் உச்சிக்கு ஒரு அம்பு போட்டார். "மொதல் வரி பெரியவர் மாடி. அப்பறந்தான் மத்ததெல்லாம்."

அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லியிருக்க வேண்டும். செக்கிங் டேபிளில் வாய் துடுக்காகப் பேசியவள், நாற்காலியும் ஃபேனும் கிடைத்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். "சரிங்க சார்" என்றேன். அவர் தாளைப் பெரியவரிடமே கொண்டுபோனார். இன்றைக்கும் அந்த "சரிங்க சார்" நினைவுக்கு வந்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

அவர் சொன்ன வரிசைப்படியே ரவுட்டரில் அடித்து, சேமித்தேன். மறுநாள் கிரிக்கெட் மேட்ச் வேறு. முதல் வரியே மாடிக்கு எல்லாம் அனுமதி என்பதால், மாடியில் இருந்த எட்டு மெர்ச்சண்டைசர்களும் அந்த வரியிலேயே உள்ளே போய்விட்டார்கள். அவர்களுக்கென்று நான் எழுதிய தடை கீழே சும்மா கிடந்தது. அதைவிடக் கொடுமை, கீழ்த்தளத்து வரிகள் மட்டும் ஒழுங்காக வேலை செய்து எங்களை எல்லாம் கட்டிப்போட்டதால், லைன் முழுவதும் அவர்களுக்கே கிடைத்தது. ஒரு மெர்ச்சண்டைசர் பையன் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். "சிஸ்டர், நெட்டு இப்பத்தானுங்க சூப்பரா ஓடுது!" அந்த பிஸ்கட்டை அவன் தலையில் எறியலாமா என்று பார்த்தேன். பசித்ததால் சாப்பிட்டுவிட்டேன்.

யானை நான்கு சதவீதத்தில் நின்றது.

சின்னவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்கு மூணு மணிக்கு கரண்ட் போயிரும். அதுக்குள்ளார அந்த ஃபைல் வரோணும். வரலீன்னா திங்கக்கிழமை நீ டேபிளுக்குப் போயிரு" என்று மட்டும் சொன்னார். தினமும் மின்வெட்டு இருந்த காலம் அது, கரண்ட் போனால் பாதி வந்த ஃபைலும் போய்விடும்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏட்டி, செக்கிங் வேல என்ன அவ்வளவு கேவலமா?" என்றாள் அம்மா.

"கேவலம் இல்லம்மா. எனக்கு அந்த ரூம் பிடிச்சிருக்கு."

உண்மையாகவே பிடித்திருந்தது. அதுவரை எதையும் அவ்வளவு ஆசையாக நான் கேட்டதில்லை. அம்மா என் பக்கம் திரும்பினாள். "தப்புன்னு தெரிஞ்சும் சரின்னு சொன்னியே, அதுக்குத்தான்டி போவுது வேல. தப்ப தப்புன்னு சொல்லிட்டுப் போனாக்கூட மனசுக்கு நல்லாருக்கும்லா" என்றாள்.

மறுநாள் பெரியவர் துணிக்குச் சாயம் போடும் டையிங்குக்குப் போய்விட்டு ஒரு மணிக்கு மேல்தான் வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் கலர் துணித் துண்டுகளைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது என்ன பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"ஐயா, உங்க மாடிய மேல போட்டதாலதான் யானை வரல" என்றேன்.

அவர் துணியிலிருந்து கண்ணை எடுத்தார். "ஏனுங்கம்மிணி, நாம முன்னால இருந்தா யானைக்கு என்னங்க?"

ரவுட்டர், வரி, பொருத்தம் என்று விளக்கிப் பார்த்தேன். மரியாதையாகத் தலையாட்டினார், ஒன்றும் புரியவில்லை என்பது தெரிந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஐயா, இது கல்யாணப் பத்திரிகை இல்ல, பந்தி. உங்க வீட்டுக் கல்யாணத்துல நீங்க முதல் பந்தியில உக்காந்து சாப்பிடுவீங்களா?"

"அதெப்புடீங்க?" என்றார் அவர், நான் ஏதோ தகாததைச் சொல்லிவிட்ட மாதிரி. "வந்தவங்க எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்சப்பறந்தான் ஊட்டுக்காரங்க உக்காரோணும்."

"அதேதான் ஐயா. நீங்க முதல்ல உக்காந்தா, உங்க மாடிக்காரங்கன்னு அந்த எட்டுப் பேரும் உங்ககூடவே உக்காந்துருதாங்க. அவங்கள முதல்லயே தனியா நிறுத்தி, இவ்வளவுதான்னு அளந்து வச்சி அனுப்பிரணும். கடைசியில நீங்க உக்காந்தா, நீங்களும் டிசைன் மிஷினும் மட்டும்தான். கேக்க ஆளே கிடையாது, எவ்வளவு வேணும்னாலும் போட்டுக்கலாம்."

அவர் துணித் துண்டுகளை மேஜையில் வைத்தார். திடீரென்று சிரித்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க? பசங்களுக்குக் கீழ நம்மளப் போட்டிருக்கறாங்களேன்னு எனக்கு ஒரே வருத்தமாப் போச்சு."

மேஜை டிராயரிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மேனேஜரின் சிவப்பு அம்பின் மேல் இரண்டு கோடு போட்டு அடித்தார். கடைசி வரியைத் தன் பேனாவால் அடிக்கோடிட்டார். "கடைசீலயே போடுங்கம்மிணி."

ஓடினேன். ரவுட்டரில் பழைய பட்டியலைத் தொடாமல் புதிதாக ஒன்று அடித்தேன், தாளில் நான் முதலில் எழுதியிருந்த வரிசைப்படி ஒவ்வொரு வரியாக. இரண்டே முக்காலுக்கு முடிந்தது. இனி இந்தப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்லி என்டரைத் தட்டினேன்.

மாடியில் எட்டு தொண்டைகளிலிருந்து "அய்யோ" என்று ஒரு சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து டிசைன்காரர் மாடிப்படியில் நின்று கத்தினார்: "பத்து பர்சன்ட்... பதினஞ்சுங்க! யானை ஓடுதுங்க!" ரூமுக்குள் தனியாக ஒரு குதி குதித்தேன்.

குதித்து முடித்து, பட்டியலைச் சேமிக்கலாம் என்று விசையைத் தட்டினால் திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினேன். அப்படியே உறைந்து நின்றது. என்ன நடந்தது என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. அக்கவுண்ட்ஸ் இருந்தது, ஷிப்பிங் இருந்தது, ஸ்டோர்கூட இருந்தது. என் மிஷின் எந்த வரியிலும் இல்லை. முந்தைய பட்டியலை, பழைய ஆள் இந்த மிஷினுக்கு எழுதிவைத்துவிட்டுப் போன ஒரு வரிக்குக் கீழே அடித்திருந்ததால் அன்றைக்குத் தப்பித்திருந்தேன். யாருக்கு என்ன வேண்டும் என்று கம்பெனி முழுக்கக் கேட்டு எழுதியவள், என்னை நானே கேட்கவில்லை. ரவுட்டர் தன் வழக்கப்படி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னை வெளியே தள்ளிவிட்டது.

புதிய பட்டியல் ரவுட்டரின் ஞாபகத்தில்தான் இருந்தது, சேமிக்கவில்லை. மூன்று மணிக்கு கரண்ட் போனால் ரவுட்டர் அணைந்துவிடும், அதன் யுபிஎஸ் செத்துப்போய் மாசக்கணக்காகியிருந்தது. ஜெனரேட்டர் போட்டு அது திரும்ப எழுந்திருக்கும்போது பழைய பட்டியலோடுதான் எழுந்திருக்கும். மெர்ச்சண்டைசர்கள் மறுபடி முதல் வரியில் உள்ளே போவார்கள். ரவுட்டரில் நேராகச் சொருகும் கேபிளைக் கோயம்புத்தூர் போன ஆள் தன்னோடு கொண்டுபோய்விட்டார். மெர்ச்சண்டைசர் மிஷின்களையும் கீழ்த்தளத்து மிஷின்களையும் நானே அவரவர் வேலைக்கு மேல் எதுவும் போகாதபடி கட்டிப்போட்டுவிட்டேன். டிசைன் மிஷினில் யானை ஓடிக்கொண்டிருந்தது, அதன் பக்கத்தில் மூச்சு விடக்கூட டிசைன்காரர் யாரையும் விடமாட்டார். ரவுட்டருக்குள் போக வழி இருந்தது ஒரே ஒரு மிஷினுக்குத்தான்.

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன். பெரியவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஐயா, உங்க சீட்டுல நான் உக்காரணும்" என்றேன்.

வேறு எப்படியாவது கேட்டிருக்கலாம். மூச்சு வாங்கியதில் அப்படித்தான் வந்தது. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் திங்கட்கிழமை வரைக்கும்கூட நான் தாங்கமாட்டேன் என்று தோன்றியது.

பெரியவர் டீ டம்ளரோடு எழுந்தார். நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிவிட்டார். "உக்காருங்க."

அது பெரிய நாற்காலி. என் கால் தரையைத் தொடவில்லை. நுனியில் உட்கார்ந்து ரவுட்டருக்குள் போனேன், உள்ளே விட்டது. அவசரத்தில் பாஸ்வேர்டை ஒருமுறை தப்பாக அடித்தேன்.

"என்னாச்சு அம்மிணி?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"என் மிஷினை எழுத மறந்துட்டேன் ஐயா."

"ஊருக்கெல்லாம் எழுதிப்போட்டு உன்னைய உட்டுட்டயா?" அதுவரை வாங்க போங்க என்றுதான் பேசியிருந்தார், அப்போதுதான் முதல்முறையாக ஒருமையில் பேசினார். "எழுது, எழுது. மொதல்ல அத எழுது."

என் மிஷினின் எண்ணை அடித்து, எல்லாம் அனுமதி என்று எழுதினேன். அந்த ரவுட்டரில் புதிதாகச் சேர்க்கிற வரி எப்போதும் அடியில்தான் போய்ச் சேரும். எனவே பெரியவர் மாடிக்கு அடுத்த வரியில் நான். பிறகு சேமித்தேன். மூன்று மணிக்கு ஆறு நிமிடம் இருந்தது. டிசைன் பக்கத்திலிருந்து யானை முழுசாக வந்துவிட்டதாகக் கத்தினார்கள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

சொன்ன நேரத்துக்கு கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட்டு ரவுட்டர் எழுந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். என் மிஷினிலிருந்தே உள்ளே போக முடிந்தது. எல்லா வரியும் எழுதிய இடத்தில் இருந்தது.

சாயங்காலம் அந்தத் தாள் கையெழுத்தோடு என் மேஜைக்கு வந்தது. கடைசி வரிக்குக் கீழே பெரியவர் தன் கையால் இன்னொரு வரி எழுதியிருந்தார்: என் பெயர், பக்கத்தில் 'கம்ப்யூட்டர் ரூம்'. அதற்கும் கீழேதான் அவருடைய கையெழுத்து. சின்னவர் அதை இந்த முறை முழுசாகப் படித்துவிட்டு, "அப்ப கோயமுத்தூர் ஆளுக்கு வேண்டாமுன்னு சொல்லீர்றனுங்க" என்று அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

தாளை எடுத்துக்கொண்டு செக்கிங் டேபிளுக்குப் போனேன். அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். பீஸைப் பார்ப்பது போல முன்பக்கம் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தாள். பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். அது டேபிளின் அந்த முனை வரைக்கும் ஒவ்வொருத்தி கையாகப் போய்த் திரும்பி வந்தது.

"ஒரு குறையும் இல்லட்டி" என்றாள் அம்மா, அழுதுகொண்டே.